ஜீப்புக்கும் டபள் கெப்புக்கும் ஏடி டயர்: கொழும்பில் வாங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாக டீசல் ஜீப் ஓட்டுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கொழும்புக்குள் ஓட்டம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மலையகம், ஒரு முறையாவது வன்னி. டயர் மாற்றும் காலம் வந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்கு அழைத்துக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். டயர் வியாபாரம் எனக்கு இல்லை.

ஏடி டயர் என்றால் என்ன? எச்டி, எம்டி என்று வேறு சொல்கிறார்களே?

எச்டி என்பது நெடுஞ்சாலை டயர். காபட் வீதிக்காகச் செய்தது. பள்ளங்கள் ஒடுக்கம், சத்தம் குறைவு. எம்டி சேற்றுக்கானது. பெரிய பெரிய ரப்பர் கட்டைகள், இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஏடி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. காபட்டிலும் ஓடும், கிரவலிலும் கல் பாதையிலும் ஓரளவு சேற்றிலும் பிடிக்கும். இப்போது ஆர்டி என்று ஏடிக்கும் எம்டிக்கும் நடுவில் ஒன்றும் வருகிறது. பார்க்க முரட்டுத்தனமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் காலி வீதி நெரிசலில் தினம் ஒரு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு அது தேவைப்படாது.

கொழும்பிலேயே ஓடும் ஜீப்புக்கு ஏடி வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் கோணுகிறது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வண்டி போன இடங்களை எழுதுங்கள். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை, பிள்ளைகளின் பாடசாலை, கட்டுநாயக்க விமான நிலையம், இரண்டு முறை யாழ்ப்பாணம். இவ்வளவுதான் என்றால் அது முழுக்கக் காபட். ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போய்வர நல்ல எச்டி டயரே போதும். மழையில் அது உங்களை விரைவாக நிறுத்தும், டீசலும் மிச்சம்.

வருடத்தில் ஆறேழு தடவையாவது தோட்டத்து வீதி, வயல்பாதை, கிரவல், கடற்கரை மணல் என்று தாளில் வந்தால் மேலே வாசியுங்கள்.

சரி, யாருக்குத்தான் ஏடி தேவை?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வரை ஏ7 வீதி. ஒரு குறையும் இல்லை. தோட்டத்துக்குள் திரும்பியதும் கடைசி நான்கு கிலோமீற்றர் கருங்கல் அடுக்கிய பாதை. வெள்ளைக்காரன் காலத்தில் அடுக்கிய கற்கள். நடுவில் மண் அரித்துப்போய் விளிம்புகள் கத்திபோல நிற்கும். எதிரே கொழுந்து லொறி வந்தது. வழிவிட ஓரத்துக்கு இறக்கினேன். இடது பின்சக்கரத்தில் ஒரு தட்டல், பிறகு மூச்சு விடுவதுபோல நீளமாக ஒரு சத்தம். ஐப்பசி மழையில், கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சக்கரம் மாற்றினோம். லயத்திலிருந்து குடையோடு இறங்கி வந்த மாமா டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ரோட்டுக்கு இவ்வளவு மெல்லிசான டயரோடயா வந்த?” என்று கேட்டார்.

மேல்முகத்தில் ஒரு கீறலும் கிடையாது. வெட்டு விழுந்தது பக்கச்சுவரில், ஓர் அங்குல நீளத்துக்கு. மறுநாள் ஹட்டனில் டயர் கடைப் பாஸ் அந்த வெட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டி, “இதை ஒட்ட ஏலாது அண்ணே” என்றார்.

அதனால்தான் மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு நான் ஏடி சொல்வது. சேற்றில் பிடிப்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், பல ஏடி டயர்களில் பக்கச்சுவர் கனமாகவும், மேல்முகத்தின் ரப்பர் கட்டைகள் தோள் தாண்டிப் பக்கத்துக்கு இறங்கியும் இருக்கும் என்பது. கல் விளிம்பு முதலில் அந்தக் கட்டையில்தான் படும். கடையில் பார்க்கும்போது மேல்முகத்தை மட்டும் பார்க்காமல் அந்தத் தோளைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

வன்னியில் விவசாயம் இருப்பவர்கள், குளக்கட்டுப் பாதையில் போகிறவர்கள், மன்னார், கல்பிட்டிப் பக்கம் மணலில் இறங்குகிறவர்கள், கட்டட வேலைத் தளங்களுக்குப் போகும் டபள் கெப்காரர்கள் எல்லோருக்கும் ஏடி பொருந்தும். முழு நாளும் வயல் சேற்றுக்குள் நிற்கும் வண்டி என்றால் ஏடி போதாது. அதன் பள்ளங்களில் களிமண் அடைத்துக்கொள்ளும். பிறகு மொட்டை டயர் மாதிரித்தான் சுற்றும்.

கொழும்பு மழையில் ஏடி வழுக்குமா?

எல்லாவற்றையும் விட நான் அதிகம் கவனிப்பது இதைத்தான். மே மாதம் தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வருடத்தில் பாதி நாள் நாங்கள் ஈரத்தில்தான் ஓடுகிறோம்.

ஏடி டயரின் அகலமான பள்ளங்கள் தேங்கிய தண்ணீரை நன்றாகவே வெளியே தள்ளும். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளம் கூடக்கூட வீதியைத் தொடும் ரப்பர் குறைகிறது. கல்லில் வெட்டுப்படாமல் இருக்க அந்த ரப்பரையும் கடினமாகச் செய்கிறார்கள். ஆகவே ஈரக் காபட்டில் அவசரமாகப் பிரேக் பிடித்தால், நல்ல எச்டி டயரை விடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். வெயில் நாட்களுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வரும் அந்தக் கால்மணி நேரம் இன்னும் மோசம்.

வாங்கும்போது இரண்டு விடயம் பாருங்கள். முதலாவது, ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கின்றனவா என்பது. ஈரத்தில் பிடிப்பைத் தருபவை அவைதான். கட்டைகள் மழமழவென்று வெறுமையாக இருந்தால் அது காட்டுக்குப் போகும் டயர். இரண்டாவது, ஐரோப்பியச் சந்தைக்கும் போகும் டயர்களில் ஒட்டியிருக்கும் லேபல். மழை மேகப் படத்துக்கு நேரே ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும், ஏ சிறந்தது. லேபல் இல்லாவிட்டால் அந்த மாதிரியின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். சி-க்குக் கீழே இருந்தால், கொழும்பில் தினம் ஓடும் வண்டிக்கு நான் போடமாட்டேன்.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களை எப்படி வாசிப்பது?

265/65 ஆர்17 112 எஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். ஹைலக்ஸ், பிராடோ போன்றவற்றில் அடிக்கடி பார்க்கும் அளவு இது. 265 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம். அதாவது 172 மில்லிமீற்றர். ஆர் என்பது ரேடியல் என்ற கட்டமைப்பு வகை. 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

112 சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 116 என்றால் 1250 கிலோ. வண்டியோடு வந்த டயரில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணை ஒருபோதும் போடாதீர்கள். சீமெந்து மூட்டை ஏற்றும் கெப் என்றால் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. கடைசி எழுத்து வேக எல்லை. கியூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீற்றர். எங்கள் அதிவேக நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் 100 என்பதால் கியூ-வும் பயமில்லாமல் ஓடும். ஆனாலும் வண்டி தயாரித்தவர் சொன்ன எழுத்துக்குக் கீழே போக வேண்டாம்; அந்த எழுத்து வேகத்தோடு சூட்டைத் தாங்கும் பலத்தையும் காட்டுகிறது.

ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 265/65 ஆர்17 டயரின் முழு விட்டம் 776 மில்லிமீற்றர். 265/70 ஆர்17 என்றால் 803. வித்தியாசம் 27 மில்லிமீற்றர், ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி மட்டுமே: 13 மில்லிமீற்றர் சொச்சம். அந்த அரை அங்குலத்துக்காக நீங்கள் கொடுப்பவை என்ன? மீற்றர் 100 காட்டும்போது சக்கரம் முன்பைவிட மூன்றரை வீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். இழுவை குறையும். ஏற்றத்தில் கியரை முன்னதாகவே இறக்க வேண்டிவரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள் மட்காட்டில் உரசலாம். வெறும் வண்டியில் உரசாமல், ஆறு பேர் ஏறிப் பள்ளத்தில் விழும்போது மட்டும் உரசுவதும் உண்டு.

மூன்று வீதத்துக்குள் இருந்தால் பொதுவாகத் தொல்லை இல்லை. ஜிம்னிக்காரர்கள் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 215/75 ஆர்15 போடுவதில் ஒன்றரை வீதம்தான் வித்தியாசம். அது நியாயமான மாற்றம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 18 அங்குல ரிம்மில் 265/60 போட்டு வரும் வண்டிக்கு, பிரேக் இடிக்காவிட்டால், 17 அங்குல ரிம்மும் 265/65 டயரும் போடலாம். மொத்த உயரம் மாறாது, பக்கச்சுவர் மட்டும் 13 மில்லிமீற்றர் கூடும். குன்றும் குழியுமான வீதிக்கு அந்த ரப்பர் மெத்தைபோல இருக்கும், ரிம்மும் தப்பும். செலவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெரிய டயர் போடுவதை விட இது அறிவான செலவு என்பது என் அபிப்பிராயம்.

எல்டி டயர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அளவுக்கு முன்னால் எல்டி என்று எழுதியிருந்தால் அது இலகுரக லொறிக்கான கட்டமைப்பு. உள்ளே அடுக்குகள் பலம், பக்கச்சுவர் கனம். சுமைக் குறியீடு 121/118 என்று இரண்டு எண்களாக இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் போடும் லொறிக்கு.

பாரம் ஏற்றும் கெப்புக்கும், கல் பாதையில் மாதா மாதம் போகிறவர்களுக்கும் எல்டி நல்லது. குடும்பத்தோடு ஓடும் ஜீப்புக்கு அதில் இரண்டு குறை. ஒரு டயருக்கே நான்கைந்து கிலோ கூடலாம். சில்லு கனத்தால் ஓட்டம் முரடாகும். மற்றது, பலருக்குத் தெரியாதது: அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணை வண்டியோடு வந்த சாதாரண டயருக்கானது. எல்டி போட்டுவிட்டு அதே அளவு காற்றோடு, சாமான் ஏற்றி, வெயிலில் புத்தளம் வீதியில் ஓடினால் டயர் உள்ளுக்குள்ளே சூடேறும். தயாரிப்பாளரின் சுமை, காற்று அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள். தரத் தெரியாத கடையில் எல்டி வாங்காதீர்கள்.

காற்று எவ்வளவு வைப்பது? மணலில் இறக்க வேண்டுமா?

டயர் கடையில் “முப்பத்திரண்டு” என்று வெறுமனே சொன்னால் அது பிஎஸ்ஐ. சாதாரண டயருக்குக் கதவோர அட்டவணைதான் சரியான அளவு. பக்கச்சுவரில் இருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்து அடிக்கக் கூடாது. அது தாண்டக் கூடாத எல்லை. காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கொழும்பு வெயிலில் ஓடி வந்தபின் பார்த்தால் நான்கைந்து கூடக் காட்டும். அதை நம்பி இறக்கினால் மறுநாள் குறைவாக இருக்கும்.

கல்பிட்டி, தலைமன்னார் மணலில் 18 வரை இறக்கலாம். டயர் தட்டையாகி நீளமாகப் படியும், வண்டி மிதந்து போகும். இறக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த ஏடி போட்டாலும் தோண்டிக்கொண்டு உள்ளேதான் போகும். இறக்கியபின் மெதுவாக, திடீர்த் திருப்பம் இல்லாமல் ஓட்டுங்கள். காபட்டில் ஏறுமுன் திரும்ப அடித்தே ஆக வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னக் கொம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

பழைய சரக்கைத் தந்துவிடுவார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல டயர்களில் இந்தத் திகதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு தடவை ஒரு கடையில் நான்கு டயர் வாங்கினேன். பூட்டி முடித்து, பணமும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் மூன்றில் திகதி தெரிகிறது, ஒன்றில் இல்லை. மறுநாள் வண்டியைத் தூக்கி உள்பக்கம் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது மற்றவற்றை விட மூன்று வருடம் பழையது. அதன்பிறகு நான் பூட்டுமுன் நான்கு டயரையும் தரையில் கிடத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, திகதிகளைப் படம் எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம். பஞ்சிகாவத்தையில் மட்டுமே எத்தனை கடை!

ஒரு வருடம் வரை பழையது பரவாயில்லை. இரண்டைத் தாண்டினால் விலை குறைக்கச் சொல்லுங்கள், மூன்றைத் தாண்டினால் வேண்டாம்.

மலைப் படத்துக்குள் பனிப்பூ (ஸ்னோஃபிளேக்) போட்ட சின்னம் இருந்தால் நல்லதா?

அது பனிக்கால நாடுகளுக்கு. நுவரெலியா குளிருக்கும் அது தேவையில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

எந்தப் பிராண்ட்?

பிஎஃப் குட்ரிச், யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன், டன்லொப், டோயோ, மெக்சிஸ் என்று கையில் உள்ள காசுக்கு ஏற்பத் தெரிவு இருக்கிறது. பிஎஃப் குட்ரிச்சின் ஏடி கல்லுக்குப் பேர்போனது, ஆனால் கனம். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி மாதிரியானவை வீதிப் பக்கம் சாய்ந்தவை. கொழும்பிலிருந்து எப்போதாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த வகையைத்தான் சொல்வேன். களனியில் தயாராகும் சியெட்டிலும் ஜீப் அளவுகள் இருக்கின்றன. உள்ளூரில் செய்வதால் திகதி புதியதாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட நாட்டில், வெளிநாட்டு டயர்தான் டயர் என்று நினைக்கத் தேவையில்லை.

பெயரே கேள்விப்படாத மலிவு ஏடிகளில் எனக்குப் பயம் ஈரப் பிடிப்பில்தான்.

இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா?

பின்சக்கர ஓட்டமும் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் பூட்டும் ஹைலக்ஸ் போன்றவற்றில் இரண்டு மாற்றலாம். புதியவை பின்னுக்கு. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது. பிராடோ மாதிரி எப்போதும் நான்கும் இழுக்கும் வண்டியில் நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். உயர வித்தியாசம், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலைத் தின்றுவிடும். முடிந்தால் ஸ்பெயாரும் அதே டயராக ஐந்து வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் விடுவது நல்லது.

சத்தமும் டீசலும்?

இரண்டும் கூடும். 60க்கு மேல் ஒரு ரீங்காரம் கேட்கும்; தேயத் தேய அது வளரும். ஒவ்வொரு 8,000 கிலோமீற்றருக்கும் டயரை இடம் மாற்றினால் அந்தச் சத்தம் வெகுவாக அடங்கும். ஏடியை இடம் மாற்றாமல் ஓட்டினால் கட்டைகள் மரம்வெட்டும் வாள்போலச் சாய்ந்து தேய்ந்துவிடும். பிறகு அதைத் திருத்த முடியாது.

பூட்டுமுன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே கொழும்பில் ஓடும் ஜீப்புகளில் நிறைய, வயதானவை. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் புஷ், போல் ஜொயின்ட் ஆடிக்கொண்டிருந்தால் புது டயர் ஆறு மாதத்தில் ஓரம் தேய்ந்து போகும். அவற்றை முதலில் செய்து, டயரைப் பூட்டி, அப்புறம் எலைன்மென்ட். புது டயரின் மேல் அச்சில் ஒட்டிய வழவழப்பு இருக்கும். முதல் சில நூறு கிலோமீற்றர் மழையில் அவசரப்படாதீர்கள்.

எப்போது மாற்றுவது?

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். மேல்முகம் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. ஆனால் புதிதில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் இருந்த ஏடி, நான்குக்கு வந்ததுமே மழையில் வேறு டயராகிவிடும். நான் அங்கேயே மாற்றுகிறேன். தேயாவிட்டாலும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் கழற்றிப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மேல்முகத்தில் ஆணி ஏறினால் உள்ளிருந்து ஒட்டலாம். பக்கச்சுவர் என்றால் ஹட்டன் பாஸ் சொன்னதுதான்.

கழற்றிய பழைய டயரை என்ன செய்வது?

கடையிலேயே விட்டுவிடுங்கள். ஊஞ்சல் கட்டலாம், பூச்சாடி செய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மதில் ஓரத்தில் போட்டால், ஒரு மழைக்கு உள்வளையத்தில் தண்ணீர் நிற்கும். எப்படித் திருப்பி வைத்தாலும் வடியாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு அந்த இருட்டும் அந்த ஒரு கோப்பைத் தண்ணீரும் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பவற்றில் பழைய டயரும் ஒன்று. ஊஞ்சல்தான் வேண்டும் என்றால், அடிப்பக்கத்தில் நான்கைந்து ஓட்டைகளைத் துளைத்துவிட்டுக் கட்டுங்கள்.